அவள் வாசித்த நினைவகம்

என் மனைவியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய இரண்டு வருடம். அதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, "எழுதுங்க. ஆனா என்னைய ரொம்ப நல்லவளா காட்டிறாதீங்க, ஒடம்பு கூசும்" என்றாள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பனியில் வேலை செய்கிறோம். கம்பனி கொழும்பில் இருக்கிறது. நாங்கள் இருப்பது ஹட்டன் டவுனுக்குச் சற்று மேலே, ஒரு வாடகை வீட்டின் மாடியில். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். பிறகு திரும்பி வரச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கம்பனி செய்வது ஒரு சின்னப் பெட்டி. வெளிநாடுகளில் மீனும் மருந்தும் வைக்கிற குளிரறைகளில் சென்சர்களைப் பொருத்தி, வெப்பநிலையை ஓயாமல் குறித்துக்கொண்டிருப்பது அதன் வேலை. பெட்டிக்குள் ஒரு கணினி. அதன் இயங்குதளத்தின் அடியில் இருந்து எல்லாவற்றையும் தாங்குகிற பகுதியைக் கர்னல் என்பார்கள். மேலே ஓடுகிற மென்பொருள் ஏதாவது விழுந்தால் கர்னல் தூக்கிவிடும். கர்னலே விழுந்தால் தூக்குவதற்கு ஆள் இல்லை. பெட்டி அப்படியே நின்று, மறுபடி முதலிலிருந்து எழும்ப வேண்டும். அந்தக் கர்னலோடு ஒட்டி ஓடுகிற ஒரு துண்டை எழுதியவன் நான். ஒவ்வொரு சென்சரிடமும் 'இப்போ எவ்வளவு?' என்று நேரத்துக்கு நேரம் கேட்டு வாங்குகிற துண்டு அது.

காலை ஒன்பதேகாலுக்கு எல்லோரும் வீடியோவில் கூடி, இன்றைக்கு யார் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் அதைப் பெரட்டு என்போம். எங்கள் இருவருடைய அம்மாமாரும் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு கிளம்பியவர்கள். "பெரட்டுக்கு நேரமாச்சு, தல சீவுங்க" என்பாள் மனைவி. எங்களிடம் கணக்குக் கேட்பது கொழும்பில் இருக்கும் பொறுப்பாளர். சிங்களப் பெண், எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆங்கிலத்தில் பேசி, ஒவ்வொரு விசயத்தையும் 'ஹரித?', 'சரியா?', என்று சிங்களத்தில் கேட்டு முடிப்பார். நாங்கள் 'ஹரி' என்போம்.

நான் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், போன முதல் ஆள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம். மனைவி இறம்பொடை. பள்ளி இறுதி ஏ.எல்.லில் கணிதப் பிரிவு படித்து, கொஞ்சப் புள்ளியில் கம்பஸ் கிடைக்காமல், தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மகள் பிறந்தாள். மகள் பகலில் தூங்கும் நேரத்தில் என் பழைய புத்தகங்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள் மனைவி. பிறகு இணையத்தில் ஒரு பாடநெறி. எங்கள் கம்பனியில் பெட்டிகளைச் சோதிக்கிற வேலைக்கு ஆள் தேடியபோது, அவளுடைய விண்ணப்பத்தை அனுப்பியவனே நான்தான். "பொண்டாட்டிய இந்தளவுக்கு முன்னுக்குக் கொண்டார்றீங்களே" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமை எப்போது பொறாமையாகத் திரும்பியது என்று நாள் குறித்துச் சொல்ல முடியவில்லை. பெரட்டில் பொறுப்பாளர் ஒரு சிக்கலைச் சொல்லி, முன்பெல்லாம் என் பெயரைக் கூப்பிடுகிற இடத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார். முதல் தடவை சிரித்தேன். மூன்றாம் தடவை எண்ணத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் அவள் வேலை செய்யும்போது தண்ணீர் எடுக்கிற சாக்கில் பின்னால் போய்த் திரையைப் பார்ப்பேன். அவள் முக்கியமாக ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்து, "தேத்தண்ணி போடுறியா?" என்று சைகை காட்டுவேன். தொழில் சொற்களை அவள் வாசித்தே அறிந்தவள், யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை. தற்காலிகச் சேமிப்பைக் குறிக்கும் 'கேஷ்' என்பதை ஒரு நாள் கூட்டத்தில் 'கேச்சே' என்றாள். நான் மைக்கைத் திறந்து, எல்லோர் முன்னாலும், சிரித்தபடி திருத்தினேன். அவளும் சிரித்து, "நன்றி" என்றாள். அன்று முழுதும் எனக்கு நல்ல மனநிலை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெட்டி விழத் தொடங்கியது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் குளிரறைப் பெட்டி எட்டுப் பத்து நாளுக்கு ஒரு தடவை தானாக நின்று எழும்பியது. எழும்பி வருகிற சில நிமிடங்களுக்கு வெப்பநிலைக் குறிப்பில் ஓட்டை விழும். மருந்து வைக்கிற இடத்தில் அந்த ஓட்டையை விடமாட்டார்கள். காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னுடையது.

விழுந்த கணினி மறுபடி எழும்பினால், விழுந்த கணத்தில் அதன் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும். அழியாமல் பிடிக்க ஒரு வழி உண்டு. பெட்டியை இயக்கும்போதே நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, இன்னொரு சின்னக் கர்னலை அதில் சும்மா வைத்திருக்க வேண்டும். பெரியது விழுந்த உடனே சின்னது எழும்பும். பெரியதின் நினைவகத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே பிரதி எடுத்து ஒரு ஃபைலாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திரும்ப இயக்கும். அந்த ஃபைலைத் திறந்தால், விழுந்த கணத்தில் எந்த வேலை எங்கே நின்றது, எது எதைக் கையில் வைத்திருந்தது என்று எல்லாம் இருக்கும். வாசிக்கத் தெரிந்தால்.

நான் அதை அமைத்து அனுப்பினேன். பெட்டி விழுந்தது, ஃபைல் பாதியில் நின்றிருந்தது. அடுத்த தடவையும் பாதி. டிஸ்கில் கோளாறு என்று அறிக்கை எழுதினேன். டிஸ்கை மாற்றினார்கள். மறுபடியும் பாதி. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஏங்க, அந்தச் சின்னக் கர்னலுக்கு ஒதுக்கின எடம் பத்துமா?"

"பத்தும்."

"இல்ல, பெரிய மாடல் பெட்டில சென்சரு கூட. சின்னது எழும்பி அதெல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வரும்போது, அதுக்கே எடம் இல்லாமப் போயிருமோன்னு..."

"பத்தும்னு சொல்லிட்டேன்ல. நீ ஒன் டெஸ்டிங்கப் பாரு."

அவள் பருப்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரப் பெரட்டில் பொறுப்பாளர் என்னிடம், "இன்னொருவரும் பார்க்கட்டும். ஹரித?" என்று கேட்டு, மனைவியின் பெயரைச் சொன்னார். 'ஹரி' என்றேன். அவள் அன்றைக்கே ஒதுக்கிய இடத்தை இரண்டு மடங்காக்கினாள். கூடவே இன்னொன்றும் செய்தாள். பயன்படுத்தி முடித்துக் கைவிட்ட நினைவிடங்களை ஒரு அடையாள எண்ணால் நிரப்பிவைக்கச் சொல்லிக் கர்னலுக்கு ஒரு கட்டளை போட்டாள். கைவிட்ட இடத்தை யாராவது தெரியாமல் தொட்டால் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கும் தெரிந்த வழிதான் அது, செய்யத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நான் ஆசைப்பட்டது என்னவென்றால், பெட்டி மறுபடி விழும்போது அவளுக்கும் பாதி ஃபைலே கிடைக்க வேண்டும் என்பது. வேலைக்குச் சம்பளம் வாங்குகிற நான் அப்படி ஆசைப்பட்டேன்.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டி விழுந்தது. ஃபைல் முழுசாக வந்தது.

அன்று ஹட்டனில் காலையிலிருந்தே மழை. நான் அறைக்குள் வேறு வேலையில் இருப்பதுபோல இருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, திரையில் வருவதைப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணியளவில் கதவில் தட்டினாள்.

"கொஞ்சம் வாறீங்களா? கோவப்படாமப் பாக்கணும்."

திரையில் எண்கள் வரிவரியாக நின்றன. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் 6b 6b 6b 6b என்று ஒரே எண் திரும்பத் திரும்ப. கைவிட்ட நினைவிடத்தின் அடையாளம் அது. அதைத் தொட்டது யார் என்று அவள் அடுத்த வரியைக் காட்டுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சென்சரிடம் வெப்பநிலை கேட்கிற டைமர். நான் எழுதியது.

"யாரோ சென்சரக் கழட்டியிருக்காங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "கழட்டின ஒடனே அதோட எடத்தக் கைவிடுறோம். அதுக்கு முந்தி டைமர நிறுத்துறோம், சரிதான். ஆனா அதே நேரம் இன்னொரு பக்கத்துல டைமர் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தா? அது முடியிறவரைக்கும் நாம காத்திருக்கல."

நிறுத்து என்பதற்கும், ஓடுவது முடியும்வரை காத்திருந்து நிறுத்து என்பதற்கும் நிரலில் ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை நான் போடவில்லை. பெட்டி விழுவதற்கு, ஒருவர் சென்சரைக் கழற்றுவதும் டைமர் ஓடுவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். அதனால்தான் எட்டுப் பத்து நாளுக்கு ஒன்று.

"நான் இன்னும் யாருக்கும் சொல்லல" என்றாள். "நீங்க எழுதின எடம். நீங்களே சொல்லிருங்களேன். அதுதான் மரியாதையா இருக்கும்."

அவள் நினைத்தது என் மரியாதையை. எனக்கு அந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை. அவள் கத்தியிருந்தால், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்திருந்தால், கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். "சரி" என்று மட்டும் சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அந்த மெயிலை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதுகாக்கப்பட்ட நினைவகத்தை ஆராய்ந்தேன் என்று எழுதினேன். கைவிடப்பட்ட இடம் தொடப்பட்டதைக் கண்டேன் என்று எழுதினேன். பிழை நான் எழுதிய பகுதியில் இருக்கிறது, வருந்துகிறேன், திருத்தத்தையும் இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன். நடுவில் மனைவியின் பெயரை ஒரு வாக்கியத்தில் போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அழித்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் பெரட்டில் பொறுப்பாளர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். "சொந்தப் பிழையைத் தானே தேடிப் பிடித்து வெளியே சொல்வதற்கு மனது வேண்டும். நாம் எல்லோரும் இதைப் பழக வேண்டும்" என்றார். மற்றவர்கள் திரையில் கைதட்டுகிற படங்களை அனுப்பினார்கள். பொய் சொன்ன மெயிலுக்கு நேர்மையானவன் என்ற பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியின் முறை வந்தது. "என் பக்கம் புதிதாக ஒன்றும் இல்லை" என்றாள். அவள் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு கணம் பிந்தி என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில்.

கூட்டம் முடிந்தும் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. பசி எடுத்துத்தான் வந்தேன். அவள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மெயில பாத்தேன்" என்றாள், என்னைப் பாராமல். "நான், நான்னு ஆறு எடத்துல இருக்கு."

"நீதானே சொல்லச் சொன்ன."

"பிழை ஒங்களோடதுன்னு சொல்லச் சொன்னேன். அதச் சொல்லிட்டீங்க. நான் பாத்ததையும் நீங்க பாத்ததாச் சொல்லுவீங்கன்னு நெனைக்கல."

சண்டை அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை இறம்பொடையில் அவளுடைய தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. மூன்று பேரும் போவதாக இருந்தது. "நீங்க வர வேணாம், வேல இருக்குன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு போனவள், காதுகுத்து முடிந்தும் வரவில்லை. ஒரு கிழமை லீவு போட்டிருக்கிறாள் என்பதைக் கம்பனியின் லீவுப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேறொரு வாடிக்கையாளரின் பெட்டியும் விழுந்திருக்கிறது, அதன் நினைவக ஃபைலும் வந்திருக்கிறது. "நீங்கள்தான் இதில் இப்போது கெட்டிக்காரர். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் இதைத் திறந்து, எப்படி வாசிப்பது என்று காட்டுங்கள். ஹரித?"

'ஹரி' என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் அந்த ஃபைலோடு உட்கார்ந்தேன். திறக்கத் தெரியும். கடைசிச் செய்திகளை எடுக்கத் தெரியும். அதற்கு மேல் எண்களுக்குள் இறங்கினால், நான் போகிற வழியெல்லாம் நான் முன்கூட்டியே நினைத்துவைத்த முடிவுக்கே போய் முட்டியது. திங்கட்கிழமை நினைவகச் சில்லுக் கோளாறு என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை மின்சாரக் கோளாறு என்று நம்பினேன். நம்பியதற்கு ஆதாரம் தேடினேனே தவிர, இருந்ததை நான் வாசிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெட்கத்தை விட்டு அவளுடைய கொப்பியைத் தேடினேன். குசினி ராக்கையில், மசாலாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கணக்கு டீச்சரின் கையெழுத்து. இடது ஓரத்தில் சிவப்புக் கோடு கிழித்து, ஒவ்வொரு முகவரியையும், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று வரிசையாக எழுதியிருந்தாள். தெரியாத இடங்களில் தெரியாது என்றே எழுதியிருந்தாள். முன்பக்கங்களைப் புரட்டினேன். ஃபைல் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முந்திய தேதியில் என்னுடைய நிரலில் இருந்து நான்கு வரியைப் பிரதி எடுத்து, டைமர் வரியின் கீழ்க் கோடு போட்டிருந்தாள். பக்கத்தில்: 'இங்க காத்திருக்க வேணாமா? அவர்கிட்ட கேக்கணும்.' அதற்குக் கீழே வேறு பேனாவில்: 'இடம் பத்துமான்னு கேட்டதுக்கே கோவம் வந்திருச்சு. இத அப்புறம் கேப்போம்.'

நினைவகம் வருவதற்கு முன்னாலேயே, வெறும் நிரலை வாசித்தே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நான் குசினியில் அந்தக் கொப்பியோடு நின்றேன். வெட்கம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு. இந்த நான்கு வரியை இத்தனை வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், எனக்கு ஏன் தெரியவில்லை என்ற எரிச்சல். கொப்பியைத் தூக்கி எறியலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து கண்டி பஸ். இறம்பொடையில் இறங்கி மாமனார் வீட்டுக்கு ஏறும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மாமனார் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாசலில் என் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்புள. அவ பீலிக்குத் துணி தொவைக்கப் போயிருக்கா. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் பேத்தியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

"கேக்கணும்னு இருந்தேன். இவ என்னா வேல செய்றா? கேட்டா, சொன்னா வெளங்காதுங்கிறா."

நான் சொன்னேன். பெட்டி, கர்னல், விழுவது, சின்னக் கர்னல் எழும்பிப் பிரதி எடுப்பது. அவர் ஃபெக்டரி ஆள். மிசின் என்றால் புரியும். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, மிசின் நிக்கிற நேரத்துல உள்ளுக்கு என்னென்ன ஓடிக்கிட்டு இருந்திச்சோ, அத அழியாம எடுத்து வச்சிப் பாக்குறது."

"ஆமா மாமா."

"அத இவ பாக்குறாளா?"

"நாங்க பாக்குறோம்" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் சும்மா கேட்டார்: "ரெண்டு பேருமா?"

"இல்ல மாமா" என்றேன். "அவதான் பாக்குறா. நான் எழுதினதுல ஒரு பிழை. ஒரு மாசமா எனக்குப் புடிபடல. அவ ஒரு காலையில கண்டுபுடிச்சிட்டா. நான் கண்டுபுடிச்சதா ஒஃபிசுக்குச் சொல்லிட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதான் இத்தன நாளா இங்க இருக்காளா" என்றார். பிறகு, "சாப்புட்டீங்களா?" என்று கேட்டார்.

பீலியின் குழாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வேகமாக விழுந்துகொண்டிருந்தது. அவள் மகளின் கவுனைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு கையை நிறுத்தவில்லை. நான் பக்கத்தில் நின்று, வெள்ளிக்கிழமை விசயத்தைச் சொன்னேன். கொப்பியை எடுத்துப் பார்த்ததையும் சொன்னேன்.

"அப்ப என்னைய வந்து அந்த ஃபைலப் பாத்துத் தரச் சொல்றீங்களா? மறுபடியும் நீங்க பாத்ததாக் காட்டுறதுக்கு?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நுவரெலியா வரைக்கும் அதுதான் திட்டம். "இல்ல" என்றேன். "வெள்ளிக்கிழம நான் எல்லாத்தையும் சொல்லிறேன்."

"எதுக்கு அப்பிடிச் செஞ்சீங்க?"

"பொறாம."

அவள் கவுனை முறுக்கிப் பிழிந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்கும் இருந்திச்சி" என்றாள்.

"யாரு மேல?"

"ஒங்க மேலதான். ஹோல்ல கம்பஸ் பட்டம் வாங்குற போட்டோ மாட்டியிருக்கீங்கள்ல. கல்யாணம் முடிஞ்ச புதுசுல அதத் தொடைக்கும்போதெல்லாம் எரியும். எனக்குக் கொஞ்சப் புள்ளி கொறஞ்சி போச்சி. ஒங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சராவது இருந்தாரு. எங்களுக்கு அதுவும் இல்ல, நானாப் படிச்சேன். ரெண்டு மூணு வருசம் ஒங்களப் பாத்தாலே அதான் ஞாபகம் வரும்."

"ஒண்ணுமே காட்டலையே."

"காட்டி என்னா செய்ய? பாப்பா தூங்குற நேரத்துல ஒங்க புத்தகத்த எடுத்துப் படிச்சேன்."

இந்தப் பேச்சைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கொஞ்சம் நெகிழ்ந்தேன்தான். ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் நினைத்தது, பொறாமைப்படுவதில்கூட இவள் என்னைவிடக் கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று. எனக்கு வந்த பொறாமையில் நான் ஒரு மெயில் எழுதினேன். அவளுக்கு வந்த பொறாமையில் அவள் ஒரு தொழிலையே படித்துவிட்டாள்.

அவள் அன்று என்னோடு வரவில்லை. "வெள்ளிக்கிழம இங்கருந்தே கேக்குறேன். கேட்டுட்டு வாறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினான்கு பேர் திரையில் இருந்தார்கள். மனைவியின் சதுரத்தில் முகம் இல்லை, பெயர் மட்டும். அவர்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. மேலே கோயில் ரோட்டுக்கு ஏறிவந்துதான் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் ஃபைலைத் திறக்கவில்லை. முன்பு அனுப்பிய மெயிலில் ஒரு பொய் இருக்கிறது என்று தொடங்கினேன். பிழையை எழுதியது நான். கண்டுபிடித்தது நான் அல்ல. சின்னக் கர்னலுக்கு இடம் பத்தாது என்று சொன்னதும், நினைவகத்தை வாசித்ததும், என் டைமரைக் காட்டித் தந்ததும் என் மனைவி என்றேன். இந்தப் புது ஃபைலை இரண்டு நாள் பார்த்தேன், எனக்குப் புரியவில்லை என்றும் சொன்னேன்.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மெயில் போன எல்லோருக்கும் இன்றைக்கே திருத்தி இன்னொரு மெயில் போக வேண்டும்" என்றார். "வாடிக்கையாளருக்கும்." அந்தத் தடவை ஹரித என்று கேட்கவில்லை. பிறகு மனைவியின் பெயரைச் சொல்லி, திங்கட்கிழமை இதை நடத்த முடியுமா என்று கேட்டார்.

"முடியும்" என்றது அந்தச் சதுரம். பின்னால் காற்றுச் சத்தமும் ஒரு பஸ் ஹோனும் கேட்டன.

மெயிலை அனுப்பினேன். அந்த வருடம் என் வேலை மதிப்பீட்டில் நம்பகத்தன்மை என்ற இடத்தில் குறைத்துப் போட்டார்கள். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் வந்தார்கள். திங்கட்கிழமை அவள் அந்த ஃபைலை எல்லோர் முன்னாலும் திறந்தாள். நான் அறைக்குள் இருந்து கேட்டேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். இரண்டு வேலைகள் ஒன்று மற்றதுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தன. ஒன்று பிடித்திருந்த பூட்டை மற்றது கேட்டது, மற்றது பிடித்திருந்ததை இது கேட்டது. நாற்பது நிமிடத்தில் அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். வழியில் இரண்டு இடத்தில், "இது எனக்குத் தெரியவில்லை, தாண்டிப் போவோம், பிறகு வருவோம்" என்றாள். நான் அந்த இரண்டு இடத்திலும்தான் ஒவ்வொரு நாள் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது விழுந்த பெட்டிகளின் நினைவகத்தை வாசிக்கிற ஒரு சின்னக் குழு கம்பனியில் இருக்கிறது. அவள் அதற்குத் தலைமை. நான் அதில் இல்லை. புதுப் பெட்டிகளுக்கு எழுதுகிற பக்கத்தில் இருக்கிறேன். நான் எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் காட்டுகிறேன். சில நாள் அது சுலபமாக இருக்கிறது. சில நாள், அவள் பென்சிலை எடுத்ததுமே என்ன பிழை என்று முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஃபைலோடு அவள் ஒன்றரை நாள் மல்லுக்கட்டினாள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். இந்தத் தடவை நிஜமாகவே தண்ணீருக்குத்தான். திரையில் ஒரு எண் கண்ணில் பட்டது. "இது மைனஸ் எண்ணு இல்லையா? நீ பெரிய எண்ணாப் படிக்கிற" என்றேன். அவள் பார்த்தாள். "அட, ஆமாங்க" என்றாள். அதிலிருந்து பத்தே நிமிடத்தில் எல்லாம் அவிழ்ந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிவந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் அறிக்கை போயிருந்தது. முதல் வரியில் என் பெயர். எந்த எண்ணை எப்படிப் பிழையாக வாசித்துக்கொண்டிருந்தாள், அதை நான் எப்படிக் கண்டேன் என்று இரண்டு வாக்கியம். நான் அதை இரண்டு தடவை வாசித்தேன்.

"ஏன், பிழையா எழுதிட்டனா?" என்று கேட்டாள் மனைவி, ரோல்ஸைக் கடித்துக்கொண்டு.

"இல்ல, சரியா இருக்கு."

"அப்பறம் ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

இவ்வளவு சுலபமாக ஒருவரின் பெயரை எழுத முடிகிறதே என்று எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அதைச் சொன்னேன். வாய் நிறைய ரோல்ஸோடு அவள் சிரித்ததில் புரை ஏறி, நான்தான் தலையில் தட்ட வேண்டியிருந்தது.